நின்றால் கிளம்பாத வண்டி

கண்ணாடிப் பட்டறையில் அவருக்கு ‘ஓடட்டும்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று லைசென்ஸில் இருந்தது. அதைப் போக்குவரத்துப் போலீஸ்காரர்களைத் தவிர வேறு யாரும் படித்ததில்லை. “எஞ்சினை அணைங்க அண்ணே, பேசறது காதுல விழல” என்று யார் சொன்னாலும், “ஓடட்டும், ஓடட்டும்” என்று கையை ஆட்டிவிட்டு இறங்கி வருவார். சரக்கு ஏற்றும்போதும் ஓடும், இறக்கும்போதும் ஓடும். முடிதிருத்துகிறவரிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும்போதும் வாசலில் வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐம்பத்தாறு வயது. இருபத்தேழு வருஷமாகக் கண்ணாடி ஏற்றுகிற வேலை. பட்டறையில் அறுத்த ஜன்னல் கண்ணாடிகளைப் பிக்கப்பின் பின்னால் சாய்வு ஸ்டாண்டில் நிறுத்தி, நடுநடுவே கம்பளித் துண்டு வைத்து, பெல்ட் போட்டு இறுக்கி, கட்டடம் கட்டட‌மாகக் கொண்டு போய்ச் சேர்ப்பார். இத்தனை வருஷத்தில் உடைந்தவை இரண்டே இரண்டு. சைக்கிள்காரர்கள் அவரை முந்திப் போவார்கள். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. “மானம் உடைஞ்சா ஒட்டிக்கலாம், கண்ணாடி உடைஞ்சா ஒட்ட முடியுமா?” என்பார்.

இப்படிப்பட்டவருக்கு எஞ்சினை அணைக்கப் பயம் வந்தது சொந்த வீட்டுக்குக் குடிபோன பிறகுதான். அதற்குமுன் வாடகைக்கு இருந்தது ஒரு இறக்கத்துத் தெரு. தெருவே கீழ்நோக்கிப் போகும். வண்டியும் முகத்தைக் கீழே வைத்துத்தான் நிற்கும். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே மூச்சில் கிளம்பிவிடும். பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஊரோரத்தில் இரண்டு அறையோடு ஒரு வீடு வாங்கினார்கள். வாசலில் சிமெண்ட் சரிவு ஒன்று போட்டிருந்தது. அதில் ஏற்றி வண்டியை உள்ளே விட்டால் கேட்டைச் சாத்திக்கொள்ளலாம். மனைவிக்கு அந்தக் கேட்டின் மேல் அப்படி ஒரு பெருமை.

குடிபோன நாலாம் நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. எஞ்சினைக் கிளப்புகிற மோட்டார் என்னவோ நன்றாகத்தான் சுற்றியது. ‘கிர்ர் கிர்ர்’ என்று அரை நிமிஷம் சுற்றி, வெளுத்த புகையைக் கக்கி, இருமி, எழுந்து, மறுபடி படுத்து, ஒருவழியாக ஓடியது. ஓட ஆரம்பித்த பிறகு ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையும் அதே கூத்து. வீடு ராசியில்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மனைவி அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

வண்டியைப் பார்ப்பது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கைசுத்தமான மனிதர், உழைப்பாளி. தான் சொன்னது தப்பென்று யாராவது சொன்னால் மட்டும் காது சிவந்துவிடும். முதலில் பேட்டரி என்றார், மாற்றினார். பிறகு குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் என்றார், நாலையும் மாற்றினார். கடைசியில் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். மோட்டார் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. வண்டி முன்னைப் போலவே கிளம்பாமல் நின்றது. “பழைய வண்டி மாமா. மனுஷனுக்கே காலையில முட்டி புடிச்சுக்குது, இல்ல?” என்றார் மச்சான். வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்ற நினைப்பு வண்டிக்காரருக்கு வந்ததுண்டு. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு வந்த வழியே போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொழிற்சாலைக்குப் பதினெட்டுக் கண்ணாடி கொண்டுபோனார். இறக்கி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து வண்டி கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டது. கிளம்பி ஐம்பதடி வந்து அணைந்த வண்டி, அப்புறம் அசையவே இல்லை. பின்னால் நாலு பஸ், முன்னால் முந்நூறு பேர். ஆளுக்கொரு ஹாரன், ஆளுக்கொரு வசவு. ஸ்டாண்டில் வேறொரு கட்டடத்துக்கான ஆறு கண்ணாடி இருந்ததால் தள்ளி உலுக்கிக் கிளப்பவும் விடவில்லை அவர். நாற்பது நிமிஷம். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது முடிவு செய்தார்: இனிமேல் வீட்டுக்கு வெளியே இந்த எஞ்சினை அணைப்பதில்லை.

அந்த முடிவு வேறொரு இடத்தில் வினையாக முடிந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசப் பையன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பையனின் அம்மா தண்ணீர்ப் பம்பு ரிப்பேர்க் கடை நடத்துகிறவர். பதினேழு வயதில் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலைக்குப் போய், முப்பது வயதுக்குள் அந்தக் கடையையே தன் பேருக்கு வாங்கியவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் நறுக்கென்று இருக்கும். ஒன்றரை மணி நேரப் பேச்சு. அந்த ஒன்றரை மணி நேரமும் வாசலில் வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. நடுவில் அந்த அம்மா கேட்டார்:

“உங்களுக்கு ஏதும் அவசர வேலை இருக்குங்களா?”

“இல்லீங்க, இல்லீங்க. அது ஓடட்டும்.”

கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. ஆனாலும் அந்த அம்மா மனதில் ஒரு முள் தங்கிவிட்டது. ‘நம்ம வீட்டுல உக்காரவே மனசில்லாம, எப்படா கிளம்பலாம்னு வண்டியைக் கூட அணைக்காம வந்தவர்’ என்று யாரிடமோ சொன்னது, வாய் மாறி வாய் மாறி மகள் மூலமாக வண்டிக்காரர் காதுக்கு வந்தது. என்ன பதில் சொல்வது? வண்டி கிளம்பாது என்று சம்பந்தி வீட்டில் சொன்னால் அதைவிட மானக்கேடு என்று வாயை மூடிக்கொண்டார்.

இப்படி ஒரு வருஷம் ஓடிய பிறகு, ஒருநாள் மகள் போன் செய்தாள். “அப்பா, அத்தையோட வண்டி ஆக்ஸிடெண்ட் ஆகி ஒர்க்‌ஷாப்ல நிக்குது. நாளைக்கு ஒரு சலவை ஆலைக்குப் பெரிய பம்பு கொண்டு போகணுமாம். அவங்க உங்ககிட்ட கேக்க மாட்டாங்க. நான் கேக்கறேன்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் சம்பந்தி கடை வாசலில் வண்டி நின்றது. ஓடிக்கொண்டேதான். சம்பந்தியம்மா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கருவிப் பெட்டியோடு, வண்டியை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஆலை வரை இரண்டு பேருக்கும் நடுவில் எஞ்சின் மட்டும்தான் பேசியது.

ஆலைக் காவலாளி கேட்டைப் பாதி திறந்தார். “உள்ள எஞ்சின் ஓடக்கூடாது. துணியெல்லாம் புகை நாத்தம் அடிக்குதுன்னு மேனேஜர் கத்தறார். அந்தச் சரிவுல ஏத்தி நிறுத்திட்டு அணைச்சிடுங்க.”

“பத்து நிமிஷம்தான், ஓடட்டுமே.”

“போர்டு பாருங்க சார்.”

வேறு வழியில்லை. சரக்கு மேடைக்குப் போகிற சரிவில் மூக்கை மேலே வைத்து நிறுத்தி அணைத்தார். சம்பந்தியம்மா பம்புக் குழிக்குள் இறங்கினார். இடுப்பளவு குழி. படுத்தும் புரண்டும் பழைய பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. வண்டிக்காரர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், கயிறு பிடித்தார், மனம் மட்டும் வண்டியடியிலேயே நின்றது.

கிளம்புகிற நேரம் நினைத்தபடியே நடந்தது. கிர்ர், கிர்ர், கிர்ர். காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். வண்டிக்காரருக்குக் காதெல்லாம் சுட்டது. சம்பந்தியம்மா ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தார்.

“எத்தனை நாளா இப்படி, சம்பந்தி?”

“ஒண்ணரை வருஷமாகப் போகுது.”

“பத்து நிமிஷம் நிறுத்தினா?”

“ஒண்ணும் ஆகாது, உடனே எடுத்துக்கும். ரெண்டு மூணு மணி நேரம் நின்னாத்தான் இந்த அடம்.”

“கிளம்பினப்புறம்?”

“ஒரு தடவை இருமும், ஒரு தடவை படுக்கும். அதுக்கப்புறம் நாள் பூரா குதிரைதான்.”

“மோட்டார் ஜம்முனு சுத்துது. பேட்டரி, ஸ்டார்ட்டர் எல்லாம் அது அது வேலையைப் பாக்குது. வண்டிக்குச் சாப்பாடு வரல, அவ்வளவுதான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எங்க தொழில்ல தினம் பாக்கறதுதான் இது. ராத்திரி பைப்புல நிக்க வேண்டிய தண்ணி கிணத்துக்கே இறங்கிடும். காலையில மோட்டாரைப் போட்டா வெறுங்காத்தை இழுத்துக்கிட்டுச் சுத்தும். தண்ணி ஊத்தி நிரப்பினாத்தான் எடுக்கும். டீசலை நிரப்ப இதுல ஏதாவது இருக்கா?”

டீசல் பில்டரின் தலையில் ஒரு கைப்பம்பு இருந்தது. கட்டைவிரலால் அமுக்குகிற சின்னக் குமிழ். மச்சான் பில்டர் மாற்றும்போது மட்டும் அதைத் தொடுவார். வண்டிக்காரர் அமுக்கினார். பஞ்சைத் தொட்ட மாதிரி உள்ளே போனது. பத்து, பதினைந்து, இருபது. இருபத்திரண்டாவது அமுக்கில் விரலுக்குக் கீழே கல்லாக இறுகியது. ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே எஞ்சின் ஓடியது.

அப்போதுதான் அவருக்குச் சொல்லத் தைரியம் வந்தது. “சம்பந்தி, அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல இதனாலதான் நான் அணைக்கல. அணைச்சா கிளம்பாது. முதல் தடவை வந்த வீட்டுல, தெருவுல எல்லாரும் கூடி வண்டியைத் தள்ளறாப்ல ஆயிடுமேன்னு...”

சம்பந்தியம்மா வாளியில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். காக்கிச் சட்டை குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். “அட கடவுளே! நான் ஒரு வருஷமா உங்க பேர்ல கோவமா இருக்கேன். இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, நானே ஸ்பேனரோட வாசலுக்கு வந்திருப்பேனே!”

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கையில் இருந்த பாத்திரத்தை ‘டங்’கென்று வைத்தாள். “என் தம்பி பார்த்த வண்டியை இனிமே சம்பந்தி பாக்கறாங்களா? அவன் காதுக்குப் போனா என்ன நினைப்பான்?”

“அவனையும் கூப்பிடு. எல்லாரும் சேர்ந்து பாப்போம்.”

“கூப்பிட்டு? பம்புக்காரம்மா சொல்லித் தர்றாங்க, கத்துக்கோடான்னு சொல்லவா?”

கடைசியில் சமாதானம் இப்படி ஆனது: சம்பந்தியம்மா சொன்ன சோதனையை முதலில் வீட்டுக்குள்ளேயே செய்து பார்ப்பது, பலன் தெரிந்தால் தம்பியைக் கூப்பிடுவது. சோதனை சுலபமானதுதான். வழக்கமாக மூக்கு மேலே ஏறி நிற்கிற வண்டியை, இன்று பின்னோக்கி ஏற்றி மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். டாங்க் பின்னால், எஞ்சின் முன்னால். மூக்கு கீழே போனால் டாங்க் மேடாகிவிடும், டீசல் திரும்பி இறங்காது.

மறுநாள் காலை மனைவி ஜன்னலில் நின்று எண்ணினாள். “ஒண்ணு” என்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நாள் மூக்கை மேலே வைத்தார்கள். முப்பத்தாறு வரை எண்ணி அவளுக்கு வாய் வலித்தது. மூன்றாம் நாள் கீழே: ஒண்ணு. நாலாம் நாள் மறுபடி மேலே: முப்பத்தொண்ணு.

“அந்த இறக்கத்து வீட்டுல எட்டு வருஷம் ஏன் கிளம்புச்சுன்னு இப்பத்தான் தெரியுது” என்றார் அவர்.

“அப்ப வீடு ராசியில்லன்னு சொன்னாளே, அவகிட்ட போய்ச் சொல்லுங்க” என்றாள் மனைவி. அன்று அவளே தம்பிக்குப் போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கதை முழுவதையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். வண்டி கிளம்பலன்னா தெரு மேடுன்னு சொல்றீங்களே மாமா!” என்றார். காது லேசாகச் சிவந்திருந்தது.

“இங்க நிஜமாவே தெரு கோணல்டா” என்றாள் அக்கா.

சம்பந்தியம்மா தன் கடையிலிருந்து உள்ளே இருப்பது தெரிகிற ஒரு முழ பிளாஸ்டிக் குழாயும் இரண்டு கிளிப்பும் கொண்டுவந்திருந்தார். டாங்கிலிருந்து டீசல் வருகிற குழாய் பில்டரில் சேருகிற இடத்தில் அதை மாட்டச் சொன்னார். மச்சான்தான் மாட்டினார். வண்டி கிளம்பி ஓடியதும் நாலு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். மஞ்சள் டீசலோடு சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக ஓடின. நிற்கவே இல்லை. மூக்கு மேலே இருந்ததால், எஞ்சினை அணைத்ததும் குழாயில் இருந்த டீசல் மெல்லப் பின்வாங்கி, கால் மணி நேரத்தில் குழாய் பாதி காலியானது.

மச்சான் குழாயை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஆனா டீசல் எங்கயும் ஒழுகலையே, அத்தை? நாலு தடவை கீழ படுத்துப் பாத்திருக்கேன். ஒரு பொட்டு ஈரம் கிடையாது.”

“ஒழுகாது தம்பி. தள்ளற பைப்புல ஓட்டைன்னா வெளிய ஒழுகும். இது இழுக்கற பைப்பு. எண்ணெய் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும், டீசல் டாங்குக்கே இறங்கிடும். ஈரத்தைத் தேடினா யாருக்கும் கிடைக்காது. அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல.”

“எந்த இடம்னு எப்படித் தெரியும்?”

“அதை நீங்கதான் பாக்கணும். எனக்குக் கீழ படுக்க முதுகு ஒத்துழைக்காது.”

வண்டிக்காரர் சட்டென்று அவரைப் பார்த்தார். போன வாரம் பம்புக் குழியில் மூன்று மணி நேரம் புரண்ட முதுகு அது. சம்பந்தியம்மா எதுவும் நடக்காத மாதிரி தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தார்.

மச்சான் சாக்கை விரித்துக் கீழே போனார். டாங்கிலிருந்து தொடங்கி, குழாயை அங்குலம் அங்குலமாக விரலால் தடவி, வளைத்து, நசுக்கி வந்தார். கால் மணி நேரம் ஷூ இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு ஒரு சத்தம்: “மாமா! கிடைச்சிடுச்சு!” டாங்குக்கு ஒரு சாண் தள்ளி, வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் ரப்பர்க் குழாய் வளைந்து போகிற இடம். மேலே கிளிப் இறுக்கியிருந்ததால் வெடிப்பு மறைந்திருந்தது. அறுத்து வெளியே கொண்டுவந்தார். சும்மா பிடித்தால் வெறும் தூசி படிந்த குழாய். வளைத்தால் கிளிப் இருந்த இடத்தில் மூன்று இடத்தில் வாயைத் திறந்தது.

ஒரு சாண் புதுக் குழாய், இரண்டு புதுக் கிளிப். மாட்டிவிட்டு, வேண்டுமென்றே மூக்கை மேலே வைத்து நிறுத்தி, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்று சாயங்காலம் வரை வண்டி நின்றது. ஐந்து மணிக்கு மச்சானே ஏறிச் சாவியைத் திருப்பினார். ஜன்னலிலிருந்து அக்கா எண்ணத் தொடங்குமுன்பே வண்டி ஓடியது. மறுநாள் காலையும் அப்படியே.

மச்சானுக்கு மனது ஆற இரண்டு வாரம் ஆனது. வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா போன் செய்தால் “வேலை” என்றார். பிறகு ஒருநாள் தானாக வந்து கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: “ஸ்டார்ட்டரை மாத்தியிருக்கவே வேண்டாம் மாமா. நல்லா இருந்த சாமானைக் கழட்டிட்டேன்.”

“பழைய ஸ்டார்ட்டர் மட்டும் நூறு வருஷம் இருக்கவா போகுது, மச்சான்? என்னிக்காவது போறது அன்னிக்கே போச்சு.”

“இப்ப யார் வந்தாலும் முதல்ல வண்டியை எப்படி நிறுத்துவீங்கன்னு கேக்கறேன். போன வாரம் ஒருத்தன் என்னை ஒரு மாதிரியாப் பாத்தான். கேட்டப்புறம் பாத்தா, அவனுக்கும் இதே கதைதான்.” சொல்லும்போது அவர் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. அக்கா உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்துவந்தாள்.

வண்டிக்காரருக்குத்தான் பழக்கம் விட நாளானது. பட்டறை வாசலில் முதல்முதலாக எஞ்சினை அணைத்தபோது, கண்ணாடி அறுக்கிற மேஸ்திரி வெளியே ஓடிவந்து, “என்னண்ணே, வண்டி நின்னுடுச்சா?” என்று கேட்டார். முதல் வாரம் அணைத்த பிறகும் சாவியிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் இறங்கி நின்றார். மூன்றாம் வாரம் பட்டறைக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அப்படி ஒருநாள் அணைத்துவிட்டு இறங்கியபோது, பானெட்டுக்குள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. குனிந்து பார்த்தால் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எத்தனை மாதமாக இப்படிச் சீறிக்கொண்டிருக்கிறதோ, எஞ்சின் சத்தத்தில் யாருக்குத் தெரியும்? நேராக மச்சானின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார்.

மச்சான் பானெட்டைத் திறந்து, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். “மூடி வாஷர் போயிடுச்சு மாமா. சூடு ஆறட்டும், மாத்திடலாம்.”

வண்டி ஆற முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மகள் வீட்டுக்கு இந்த வாரம் யார் யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.